அத்தியாயம் 4: கணினியைக் கடைசியாக வாங்குங்கள்

கிராண்ட்பாஸ் வீதியிலோ ஸ்டேஸ் வீதியிலோ கடையும் களஞ்சியமும் வைத்திருக்கும் ஒருவர், கணக்கு, இருப்பு, கடன் பாக்கி எல்லாவற்றையும் சொந்தச் சேர்வரில் வைப்பதென்று முடிவெடுத்ததும் முதலில் செய்வது கணினி வாங்குவது. யாராவது பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ஒன்றை வாங்கி வருகிறார்கள். அதில் இருக்கும் வின்டோஸில் எந்த மென்பொருள் ஏறும் என்பது இரண்டாவது கேள்வியாகிறது. பழைய பில் பிரிண்டர் அதோடு ஒத்துப்போகுமா என்ற கேள்வி, காசைக் கொடுத்து முடித்த பிறகு, கவுன்டரில் ஆள் நிற்கும்போது வருகிறது.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். முதலில் கடையிலிருந்து வெளியே போகும் தாளைப் பாருங்கள்: அது என்ன அளவு, எத்தனை பிரதி, எந்த மொழி. அடுத்து அந்தத் தாளை அடிக்கக்கூடிய மென்பொருள். பிறகு அந்த மென்பொருள் கேட்கும் தரவுத்தளப் பதிப்பு. பிறகு அந்தப் பதிப்பு இயல்பாகவே கிடைக்கும் இயங்குதளம். இவ்வளவும் ஒரு தாளில் எழுதப்பட்ட பிறகுதான் கணினி. புரொசசரின் வேகம் போதாமல் கைவிடப்பட்ட சொந்தச் சேர்வரை நான் கண்டது அரிது. பிரிண்டர், எழுத்துரு, பழைய தரவு, மின்சாரம் ஆகியவற்றில்தான் இந்தத் திட்டங்கள் சறுக்குகின்றன. விற்பவரின் விலைப்பட்டியலில் இந்த நான்கில் ஒன்றும் இருக்காது.

தேவைப் பட்டியலை வாசிக்கும் முறை

ஒவ்வொரு மென்பொருளும் 'குறைந்தபட்சத் தேவை' என்று ஒரு பட்டியல் தருகிறது. மென்பொருள் எழுந்து நிற்க அது போதும். மாதக் கடைசியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் அறிக்கை எடுத்தால் தாங்குமா என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓடூ என்ற வணிக மென்பொருளின் ஆவணம் அந்தக் கணக்கை வெளிப்படையாகவே தருகிறது. அது 'வேர்க்கர்' என்று சொல்லும் செயல்முறை ஒன்று, ஒரே நேரத்தில் வேலை செய்யும் சுமார் ஆறு பேரைச் சமாளிக்கும். வரும் வேலைகளில் ஐந்தில் ஒரு பங்கு கனமானது. அதற்கு 1 ஜிபி நினைவகம். மீதி இலேசானது, அதற்கு 150 எம்பி. சராசரியாக ஒரு வேர்க்கருக்கு 325 எம்பி வருகிறது. கவுன்டரில் நான்கு பேர், களஞ்சியத்தில் மூன்று பேர், கணக்குப்பிள்ளை, முதலாளி, வெளியில் ஓடர் எடுக்கும் மூன்று பேர் என்று 12 பேர் ஒன்றாக வேலை செய்தாலும் இரண்டு வேர்க்கர் போதும். பின்னணி வேலைகளுக்கு இன்னொன்றைச் சேர்த்தால் மூன்று. மொத்தம் 1 ஜிபிக்குள் முடிந்துவிடும். இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இன்னும் மூன்று ஜிபி எடுக்கட்டும். 8 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரணக் கணினி இந்தக் கடைக்குத் தாராளம். யாராவது 64 ஜிபி சேர்வரின் விலையோடு வந்தால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துப் போடுங்கள்.

அதே வகையைச் சேர்ந்த ஈஆர்பிநெக்ஸ்ட் 4 ஜிபியில் எழும்; நிம்மதியாக ஓட 8 ஜிபி கொடுங்கள். டோலிபார் பிஎச்பியில் எழுதப்பட்ட சிறிய மென்பொருள். பில், இருப்பு, கடன் பாக்கி மட்டும் வேண்டுமென்றால் 2 ஜிபி உள்ள பழைய கணினியிலும் அது நடக்கும்.

ஆனால் ரேமை விட இயங்குதளக் கேள்வி பெரியது. ஓடூவை வின்டோஸில் நிறுவலாம்தான். ஆனால் பல வேர்க்கர்களை ஓடவிடும் முறை வின்டோஸில் கிடையாது. மேலே போட்ட கணக்கு அங்கே செல்லாது. சோதித்துப் பார்க்கவும் தனி ஆள் பாவிக்கவும் மட்டுமே வின்டோஸ் பொதி என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஈஆர்பிநெக்ஸ்டை வின்டோஸில் நேரடியாக நிறுவவே முடியாது. டொக்கர் என்ற கொள்கலன் மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும். வின்டோஸில் ஓடும் டொக்கர் டெஸ்க்டொப்போ, யாராவது கணினிக்குள் உள்நுழைந்த பிறகே வழக்கமாகத் தொடங்கும். இரவில் மின்சாரம் போய் வந்தால், காலையில் சாவி வைத்திருப்பவர் வந்து கடவுச்சொல் அடிக்கும்வரை களஞ்சியத்தில் யாரும் இருப்பைப் பார்க்க முடியாது. மறுபக்கம் டாலி பிரைம் 64 பிட் வின்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. உங்கள் கணக்காளர் டாலியை விட மாட்டார் என்றால் லினக்ஸ் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பதிப்புகளைப் பொருத்துவதற்கு ஓர் உதாரணம். ஈஆர்பிநெக்ஸ்ட் 15ஆம் பதிப்பு பைதன் 3.10 அல்லது அதற்கு மேல், நோட் 18, மரியாடிபி 10.6 ஆகியவற்றைக் கேட்கிறது. உபுண்டு 20.04-இல் கூடவே வருவது பைதன் 3.8, பொருந்தாது. உபுண்டு 22.04-இல் வருவது பைதன் 3.10, மரியாடிபி 10.6, இரண்டும் கையோடு பொருந்துகின்றன, நோட் மட்டும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். 24.04 இன்னும் புதியதுதான். ஆனால் அதில் மரியாடிபி 10.11 வருகிறது, ஆவணம் கேட்டதிலிருந்து ஒரு படி விலகிவிடுகிறீர்கள். எல்லாவற்றிலும் புதியதே எடுப்பது என்ற கடைவீதிப் பழக்கம் இங்கே உதவாது. மென்பொருளை எழுதியவர்கள் எந்தச் சேர்க்கையில் சோதித்தார்களோ அதே சேர்க்கையில் நில்லுங்கள். வழியில் தடங்கல் வந்தால், அதே தடங்கலைத் தாண்டியவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள்.

பழைய கணினி போதுமா?

பெரும்பாலும் போதும். கொழும்பில் இறக்குமதியாகி விற்கப்படும் பழைய அலுவலகக் கணினிகளில் பலவற்றை வின்டோஸ் 11 ஏற்காது. அதற்கு டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். வின்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தன. ஆகவே ஒரு 4ஆம் தலைமுறை ஐ5 கணினி வின்டோஸ் மேசைக் கணினியாக முடிந்துபோனது. அதே கணினிக்கு 8 ஜிபி ரேமும் ஒரு புதிய எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸ் ஏற்றினால், மேலே சொன்ன 12 பேர் கடைக்குப் போதுமான சேர்வர். பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் அப்படியே பாவிக்காதீர்கள். அதன் முந்தைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது.

பழைய புரொசசர்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. சில மென்பொருள்கள் புரொசசரின் குறிப்பிட்ட கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. மொங்கோடிபி தரவுத்தளம் 5.0-இலிருந்து ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லாத புரொசசரில் தொடங்கவே தொடங்காது. மலிவான செலரோன், பென்டியம் வகைகள் பலவற்றில் அது இல்லை. ரெட் ஹெட் லினக்ஸின் 9ஆம் பதிப்பு 64 பிட் புரொசசரின் இரண்டாம் நிலையையும் 10ஆம் பதிப்பு மூன்றாம் நிலையையும் கேட்கின்றன. வாங்கும் முன் புரொசசரின் முழு மொடல் எண்ணை எழுதி வந்து பாருங்கள். 'ஐ5' என்று மட்டும் சொல்வது ஒன்றையும் சொல்லாது.

ராஸ்பெரி பை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஆர்ம் வகைப் புரொசசர். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் இரண்டும் அதில் நன்றாகவே ஓடும். மைக்ரோசொப்ட் எஸ்கியூஎல் சேர்வர் ஓடாது. கடை மென்பொருளுக்காக உள்ளூர் நிறுவனம் எழுதித் தரும் இணைப்புத் துண்டுகள் பெரும்பாலும் இன்டெல் கணினிக்கென்றே வரும். ரிசர்வ் பேக்கப் இயந்திரமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்; கடையின் முதன்மைச் சேர்வராக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எளிய தேவைகளோடு பெரிய வேலை செய்ய முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அது பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடியது. பின்னர் உலகின் வேறு பேரிடர்களிலும் பாவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது.

பதிப்புகளுக்கு ஆயுள் உண்டு

தேவைப் பட்டியலில் எழுதப்படாத ஒரு வரி, ஒவ்வொரு பதிப்பும் எந்த நாளில் கைவிடப்படும் என்பது. இதை நீங்களே தேடி எழுதிக்கொள்ள வேண்டும். உபுண்டு 22.04-இன் வழமையான ஆதரவு 2027 ஏப்ரல் வரை, 24.04-க்கு 2029 வரை. போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு. ஓடூ ஒரே நேரத்தில் மூன்று பெரிய பதிப்புகளை மட்டுமே பராமரிக்கிறது. ஆண்டுக்கொன்று வெளிவருவதால் ஒன்றின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு. சொன்ன நாளும் மாறலாம்: சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவியவர்களுக்கு, 2021 டிசம்பர் 31-உடன் அது முடிகிறது என்று ஓராண்டுக்கு முன்னர்தான் சொல்லப்பட்டது.

இந்தத் தேதிகளை அசட்டை செய்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கை 2023-இல் பெரிய அளவில் பார்த்தது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரசின் சொந்தச் சேர்வர்களில் இருந்தன. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதை நடத்தியது. மின்னஞ்சல் ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013-இல். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11-உடன் முடித்துக்கொண்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் நிர்வாக முடிவுகளாலும் தள்ளிப்போனதாக முகவர் நிலையம் பின்னர் சொன்னது. 2023 ஓகஸ்ட் 26 அன்று கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியது. இணையத்தோடு இணைந்திருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த பேக்கப் மே 17 வரைதான் இருந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகளின் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை.

சேர்வர்களை ஏறத்தாழ 12 மணி நேரத்தில் மீண்டும் எழுப்பிவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். இயந்திரத்தைத் திரும்ப எழுப்பலாம். தரவு அப்படித் திரும்பி வராது. ஓர் அரசாங்கத்துக்கு நடந்தது, ஆமர் வீதிச் சந்தியில் மூன்று கணினியோடு இருக்கும் கடைக்கும் நடக்கும். காரணங்களும் அதே இரண்டுதான்: ஆதரவு முடிந்த பதிப்பு, புதுப்பித்துக் கழற்றி வைக்காத பேக்கப். ஆகவே கடைச் சுவரில் தொங்கும் கலண்டரில் உங்கள் இயங்குதளம், தரவுத்தளம், மென்பொருள் மூன்றின் முடிவுத் தேதிகளையும் எழுதுங்கள். மாற்றுவதற்கான செலவை அதற்கு முந்தைய ஆண்டின் செலவுக் கணக்கிலேயே ஒதுக்குங்கள்.

திருட்டு வின்டோஸ் சேர்வர் பற்றி ஒரே வரி: வேண்டாம். திருத்தங்கள் ஒழுங்காக வராத பதிப்பு, ஆதரவு முடிந்த பதிப்பைப் போலவே ஆபத்தானது. லினக்ஸ் காசு கேட்பதில்லை.

தமிழில் பில் அடிப்பது

கிராண்ட்பாஸில் பொருளின் பெயர் தமிழில் இருக்கும், லொறிச் சாரதி சிங்களத்தில் வாசிப்பார், வரிக் கணக்கு ஆங்கிலத்தில் போகும். மூன்று மொழியும் ஒரே தரவுத்தளத்தில் சேதமில்லாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதப்பட்ட எந்தத் தேவைப் பட்டியலிலும் இதற்கான வரி இருக்காது. சோதிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

முதல் சோதனை தரவுத்தளத்தில். மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் எழுத்துமுறையை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். பழைய தரவுத்தளங்கள் பல லத்தீன்1 முறையில் உருவாக்கப்பட்டவை. அவற்றில் தமிழ்ப் பெயரை இட்டால் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அப்படிச் சேமித்ததை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. இடத்தின் அளவையும் பாருங்கள். 'சீரகம்' என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு. யூடிஎஃப்8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் 18 பைட். பெயருக்கு 40 பைட் ஒதுக்கியிருக்கும் பழைய மென்பொருளில் 'பொன்னி சம்பா அரிசி 25 கிலோ' நடுவில் அறுந்துபோகும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய தரவு உங்களிடம் இருக்கக்கூடும். இலங்கையில் ஒரு தலைமுறையே அதில்தான் வேலை செய்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரே பத்தியில் ஆங்கிலப் பெயர்களும் கலந்திருந்தால், மொத்தமாக மாற்றும்போது அந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். பாமினி வரிகளையும் ஆங்கில வரிகளையும் முதலில் பிரியுங்கள். பாமினியை மட்டும் மாற்றுங்கள். கடையில் பொருட்களை அறிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கட்டும். சில நாள் எடுக்கும் வேலை இது. அந்த நாட்களை மிச்சப்படுத்தியவர்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் தவறான பெயரோடு பில் அடிக்கிறார்கள். சிங்களத் தரவில் இன்னொரு கவனம் வேண்டும்: ரகாரம் சேரும் கூட்டெழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியை நம்பி நிற்கின்றன. தரவைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் குறியை நீக்கினால் எழுத்து உடைந்துவிடும்.

இரண்டாவது சோதனை பிடிஎஃப்பில். திரையில் தமிழ் அழகாகத் தெரிவது, உங்கள் கணினியிலோ போனிலோ தமிழ் எழுத்துரு இருப்பதால். பிடிஎஃப் பில்லை உருவாக்குவது சேர்வர். வெறுமையாக நிறுவிய லினக்ஸ் சேர்வரில் தமிழ் எழுத்துரு இருக்காது. பில்லில் வெற்றுச் சதுரங்கள் வரிசையாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் (அல்லது லோகித் தமிழ்), நோட்டோ சான்ஸ் சிங்களா எழுத்துருக்களைச் சேர்வரில் நிறுவுங்கள். ஓடூவும் ஈஆர்பிநெக்ஸ்டும் பிடிஎஃப்புக்கு நீண்ட காலமாக நம்பியிருப்பது டபிள்யூகேஎச்டிஎம்எல்டூபிடிஎஃப் என்ற கருவி. அதன் மூலநிரலை எழுதியவர்கள் 2023-இல் பராமரிப்பை மூடிவிட்டார்கள். உபுண்டுவோடு வரும் பொதியில் தலைப்பும் அடிக்குறிப்பும் வராது. திருத்தப்பட்ட கியூடி நூலகத்தோடு கட்டிய 0.12.6 பதிப்பைத் தனியாக நிறுவச் சொல்லுங்கள். பிறகு 'கொத்தமல்லி', 'பொட்டுக்கடலை', 'ஸ்ரீ' மூன்றையும் வைத்து ஒரு பில் அடியுங்கள். கொம்பு எழுத்தின் வலப்பக்கம் விழுந்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

மூன்றாவது பிரிண்டர். மொத்த வியாபாரத்தில் மூன்று பிரதி கார்பன் பில் இன்னும் போகவில்லை. எப்சன் எல்எக்ஸ்-310, எல்கியூ-310 போன்ற டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் வேகம், வெறும் ஆங்கில எழுத்தாக அனுப்பும்போது மட்டும். தமிழ் எழுத்து அவற்றின் உள்ளே கிடையாது; படமாக மாற்றி அனுப்பினால் வரும், ஆனால் ஒவ்வொரு பில்லும் ஊர்ந்து வரும். தெர்மல் பிரிண்டரிலும் தமிழ் படமாகத்தான் போக வேண்டும். 80 மில்லிமீற்றர் தாளுக்கு 576 புள்ளி அகலம், 58 மில்லிமீற்றருக்கு 384 புள்ளி என்று எடுத்துக்கொண்டு வடிவமைக்கச் சொல்லுங்கள். தெர்மலில் அந்த வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது. என் யோசனை: கார்பன் பில் ஆங்கிலத்தில் வேகமாக அடியட்டும், லொறியோடு போகும் சரக்குச் சீட்டு தெர்மலில் தமிழிலும் சிங்களத்திலும் போகட்டும்.

இணைய உலாவி வழியாக ஓடும் மென்பொருள் யூஎஸ்பி பிரிண்டரோடு நேரடியாகப் பேசாது. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு அச்சுச் சாளரம் எழும். கியூசெட் ட்ரே போன்ற இடைநிலை மென்பொருள் கவுன்டர்க் கணினியில் வேண்டுமா, அது அந்தக் கணினியின் வின்டோஸில் ஓடுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

மணிக்கூடும் வரியும்

புதிதாக நிறுவிய சேர்வரின் நேரம் பெரும்பாலும் சர்வதேசப் பொது நேரமாக இருக்கும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னே. பொழுது விடியுமுன் நான்கு மணிக்கு லொறி ஏற்றும் கடையில், ஏப்ரல் 1 அதிகாலை அடித்த பில்லை அந்தச் சேர்வர் மார்ச் 31 என்று பதியும். நம் வரி ஆண்டு அந்த இரவில்தான் மாறுகிறது. சேர்வர், தரவுத்தளம், மென்பொருள் மூன்றிலும் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்து, விடியுமுன் ஒரு பில் அடித்துச் சரிபாருங்கள்.

வரி வீதத்தைத் தேதியோடு சேர்த்து வைக்கத் தெரியாத மென்பொருளை எடுக்காதீர்கள். பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 சதவீதமானது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. நடுவில் 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் வந்தது. பழைய பில்லைத் திறந்தால் அன்றைய வீதமே தெரிய வேண்டும்.

போனும் வெளி இணைப்பும்

களஞ்சியத்தில் போன் கெமராவால் பார்கோட் வாசிக்கலாம் என்று நினைத்துத் திட்டமிடுவோர், உலாவியின் ஒரு விதியை அறிய வேண்டும்: பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத முகவரியில் உலாவி கெமராவைத் திறக்காது. கடைக்குள் மட்டும் ஓடும் சேர்வருக்கும் சான்றிதழ் வேண்டும். அல்லது தனி பார்கோட் ரீடர் வாங்குங்கள். அது விசைப்பலகை போலவே நடந்துகொள்வதால் எதோடும் பொருந்தும்.

வெளியிலிருந்து சேர்வரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இணைப்பைப் பாருங்கள். 4ஜி ரவுட்டர் இணைப்புகளில் பெரும்பாலும் கடைக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாகவே வெளியாட்களை உள்ளே விடுங்கள். 2020-இலிருந்து லினக்ஸின் கருவிலேயே அது இருக்கிறது. சேர்வரின் கதவை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காதீர்கள்.

மின்சாரமும் களனியும்

2022 மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணி நேரம் நீடித்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டது. எந்த யூபிஎஸ்ஸும் அவ்வளவு நேரம் தாங்காது. அதற்காக அதை வாங்குவதும் இல்லை. தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடித்து, ஒழுங்காக மூடிக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே யூஎஸ்பி வாயில் உள்ள யூபிஎஸ் வாங்குங்கள். அதன் பெயர் லினக்ஸின் நட் மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனதை யூபிஎஸ் சொன்னால்தான் சேர்வர் தானாக மூடும். பயோஸில், மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்படி வையுங்கள். சேர்வர், ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் மட்டும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். லேசர் பிரிண்டரை அதில் போடவே கூடாது.

களனி கங்கையின் கொழும்பு நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் இடம் நாகலகம் வீதி. அது நம் பகுதியிலேயே இருக்கிறது. 2016 மே வெள்ளத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் களனிக் கரையோரத் தாழ்நிலங்கள் மூழ்கின. இங்கே சேர்வர் இருக்க வேண்டிய இடம் மேல்மாடி. மேல்மாடி இல்லையென்றால் சுவரில் தலைக்கு மேல் அடித்த தட்டு. மேசைக்குக் கீழே தரையில் ஒருபோதும் வைக்காதீர்கள். தினமும் எடுக்கும் பேக்கப்பின் ஒரு பிரதி ஆற்றங்கரைக்கு வெளியே போகட்டும்: வெள்ளவத்தையில் இருக்கும் உறவினர் வீட்டிலோ, மறையாக்கம் செய்து வெளிநாட்டுச் சேமிப்பிலோ. இன்னொரு பிரதி கழற்றி எடுக்கும் டிஸ்கில், அலுமாரிக்குள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்கிலிருந்து வேறொரு கணினியில் தரவை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கிடுவதில்லை.

யாருக்கு இது வேண்டாம்

வாரத்தில் ஒரு மணி நேரமாவது சேர்வரைப் பார்க்கக் கடையில் ஒருவர் இல்லையென்றால் சொந்தச் சேர்வர் வைக்காதீர்கள். மாதக் கட்டணம் கட்டும் இணையச் சேவை உங்களுக்கு நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேவையிலிருந்து விலகும்போது தரவை முழுமையாக எடுத்துப்போக முடியுமா என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

வைப்பதென்று தீர்மானித்தவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் நிறுவித் தருபவரிடம் இவற்றை அவருடைய கடிதத்தாளில் கேட்டு வாங்குங்கள்: மென்பொருள், தரவுத்தளம், இயங்குதளம் ஆகிய மூன்றின் பதிப்பு எண்களும் ஆதரவு முடியும் தேதிகளும், உங்கள் பிரிண்டரில், உங்கள் பொருட்பெயர்களோடு அடித்த மாதிரி பில், நிர்வாகியின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கும் என்ற உறுதி, பேக்கப்பை மீட்டுக் காட்டும் நாள். தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மாறும் நாளையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். கணக்காளர் ஏப்ரல் 1 என்பார். வரி ஆண்டு அன்று தொடங்குவதால் கணக்குக்கு அது வசதிதான். ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மொத்தக் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. அந்தக் கூட்டத்தில் புதிய மென்பொருளைப் பழகச் சொல்வது வேலை செய்பவர்களுக்குச் செய்யும் கொடுமை. ஜூலை 1-ஐ வையுங்கள். வரிக் காலாண்டும் அன்று தொடங்குகிறது, கடையும் ஓரளவு ஓய்ந்திருக்கும். ஜூன் முழுவதும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டின் இருப்பும் கடன் பாக்கியும் ஒரு ரூபா வித்தியாசமில்லாமல் ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்துங்கள்.